புகைக்குப் பிராயச்சித்தமா?

ஆகாய விமானத்தில் பறப்பது பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. கடல் தாண்டினால் ஜாதி கெட்டது என்று சொல்லி, தாண்டி வந்தவனுக்குப் பஞ்சகவ்வியம் புகட்டித் தட்சணை பறித்த கூட்டத்தை எதிர்த்து வந்தவர்கள் நாம். மனிதன் பறக்கக் கற்றது கடவுள் கிருபையாலல்ல, அவனது அறிவாலும் முயற்சியாலுமே என்பதில் நமக்குப் பெருமையே உண்டு. (புராணத்தில் புஷ்பக விமானம் பறந்தது என்கிற பண்டிதர்கள், அது எந்த எண்ணெயில் ஓடிற்று என்று மாத்திரம் இதுவரை சொன்னபாடில்லை.)

இன்றைய விமானம் எந்த எண்ணெயில் ஓடுகிறது என்பது நமக்கு நன்றாய்த் தெரியும். அது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. அதில் ஒரு கிலோ எரிந்தால், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து, சுமார் 3.16 கிலோ கரியமிலவாயு உண்டாகிறது. அந்த வாயு பூமியின் உஷ்ணம் வெளியேறாதபடி தடுக்கிறது. அதில் ஒரு பகுதி பல நூறு வருஷங்கள் ஆகாயத்திலேயே நிற்கும். மந்திரம் சொன்னால் அது போகாது. தானம் கொடுத்தாலும் போகாது.

ஆனால், போகும் என்று பல விமானக் கம்பெனிக்காரர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். டிக்கட்டுப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால், உன் பேரால் எங்கோ ஒரு தேசத்தில் மரம் நடுவோம், அல்லது காட்டை வெட்டாமல் காப்போம், உன் புகை கழிந்துவிடும் என்கிறார்கள். கோதானம் கொடுத்தால் பாவம் கழியும் என்று புரோகிதன் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புரோகிதனாவது பசுவைக் கண்ணால் கண்டு ஓட்டிக்கொண்டு போனான். இங்கே, "இந்தக் காட்டை வெட்ட இருந்தார்கள், எங்களால் வெட்டாமல் விட்டார்கள், விட்டதற்குப் பணம் கொடு" என்று ஒருவன் கேட்கிறான். வெட்டத்தான் இருந்தார்கள் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டால், அதுவும் அவன் எழுதி வைத்த கணக்குத்தான்!

இது நமது பொறாமைப் பேச்சல்ல. 2023ஆம் வருஷம் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆறு தேசங்களில் இப்படிக் காடு காப்பதாகச் சொன்ன 26 இடங்களை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை காடு அழிவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவேயில்லை என்று கண்டார்கள். 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டும், கே.எல்.எம். என்னும் டச்சு விமானக் கம்பெனியின் விளம்பர வாசகங்கள் பல ஜனங்களை ஏய்ப்பவை என்று தீர்ப்புச் சொல்லிற்று. மரம் நடுவதாலும் புதுவகை எண்ணெயாலும் ஏற்படும் நன்மை சொற்பம், விளம்பரமோ அதைப் பெரிதாக்கிக் காட்டிற்று என்பது கோர்ட்டாரின் கருத்து. அபராதம் மாத்திரம் போடவில்லை.

மரம் நடவேண்டாம் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். நடட்டும், நன்றாய் நடட்டும். நட்டதைக் காட்டிப் பறக்க லைசென்சு வாங்குவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

நிற்க, பறக்கிறவர்கள் யார்? 2018ஆம் வருஷத்தைப் பற்றிய ஒரு மதிப்பீட்டின்படி, உலக ஜனங்களில் அவ்வருஷம் விமானம் ஏறியவர்கள் சுமார் 100க்கு 11 பேர்தான். ஜனத்தொகையில் 100க்கு 1 பேரே பிரயாண விமானப் புகையில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணமென்றும் கணக்கிட்டார்கள். மழை தப்பிப்போய்ப் பயிர் கருகினால் நஷ்டப்படுகிறவன், பறக்காத குடியானவன்!

வரி விஷயமும் இப்படியே. மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போகிறவன் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் வரி கொடுக்கிறான். தேசம் விட்டுத் தேசம் போகும் விமானத்தின் எண்ணெய்க்கோ பெரும்பாலும் வரியில்லை. 1944ல் சிகாகோவில் செய்த ஒப்பந்தம், வந்திறங்கும் விமானத்தின் தொட்டியிலுள்ள எண்ணெய்க்கு வரி கேட்கக்கூடாதென்றது. பின்னால் தேசங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகள், புறப்படும்போது நிரப்பும் எண்ணெய்க்கும் அச்சலுகையை நீட்டின. ஏழைக்கு ஒரு நீதி, பணக்காரனுக்கு ஒரு நீதி என்பது மநுதர்மத்தோடு நிற்கவில்லை போலும்.

ரயில் இருக்கிற இடத்தில் பறப்பதை நிறுத்தலாம். பிரான்சு தேசத்தார் 2023ல், இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு விமானம் விடக்கூடாதென்று உத்தரவு போட்டார்கள். ஆனால், பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்குப் போகும் வழிதான் அதில் அகப்பட்டது. கொட்டு முழக்கம் பெரிது, பிடிபட்டது மூன்று!

அதைவிட நியாயமான வழி, ஒருவன் வருஷத்தில் எத்தனை முறை பறக்கிறானோ அத்தனைக்குத் தக்கபடி வரியை ஏற்றிக்கொண்டே போவதாகும். முதல் பிரயாணத்திற்கு வரியே வேண்டாம். வளைகுடாவில் கூலிவேலை செய்து, இரண்டு வருஷத்திற்கொரு முறை பெண்டு பிள்ளைகளைப் பார்க்க வருகிறவன் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. வாரம் தவறாமல் பறக்கிற முதலாளி பத்தாவது டிக்கட்டு வாங்கும்போது அவன் கை கொஞ்சம் கூசட்டும். அந்தப் பணத்தை ரயில் பாதைக்குச் செலவிடட்டும். இந்த வரி வேண்டாமென்று முதலில் கூச்சலிடப்போவது யார் என்பதையும் ஜனங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.