ஏழு நாளில் எவ்வளவு அயர்லாந்து?

அயர்லாந்துக்குக் குடும்பத்தோடு ஒரு வாரம் போகிறவர்கள், வரைபடத்தைப் பார்த்ததுமே தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படித் தோன்றுவது இயல்புதான். கிழக்கே டப்ளினிலிருந்து மேற்குக் கரையிலுள்ள கால்வேக்குச் சுமார் 210 கி.மீ.; மோட்டார்வேயில் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். இதே கணக்கை மற்ற ஊர்களுக்கும் வைத்துத் திட்டம் போடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அங்கே சாலை எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். அதைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதித் திட்டம் சரியாகிவிடும். ‘எம்’ என்றால் மோட்டார்வே. வேக வரம்பு மணிக்கு 120 கி.மீ. ‘என்’ தேசியச் சாலை. ‘ஆர்’ வட்டாரச் சாலை, பொதுவாக 80. ‘எல்’ ஊர்ப்புறச் சாலை. 80 ஆக இருந்த வரம்பை 2025 பிப்ரவரியில் 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். நீங்கள் பார்க்க ஆசைப்படும் கடலோரமும் கணவாயும் பெரும்பாலும் ‘ஆர்’, ‘எல்’ சாலைகளில்தான் இருக்கின்றன.

ஓர் ‘எல்’ சாலை எப்படி இருக்கும்? இரு பக்கமும் கல் சுவர், அல்லது கண்ணாடியை உரசும் புதர்வேலி. தாரின் நடுவில் ஒரு கோடாகப் புல் முளைத்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால், யாருக்குப் பின்னால் ஒதுங்க இடம் இருக்கிறதோ அவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். எதிரே வந்தவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திவிட்டுப் போவார், அதுதான் நன்றி. அங்கே 60 என்ற வரம்பே எட்டாத வேகம். அதனால் கைப்பேசி காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளோ பெரியவர்களோ உடன் வந்தால், ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார வைக்காதீர்கள்.

‘வைல்ட் அட்லான்டிக் வே’ என்று 2014-இல் தொடங்கிய கடலோரப் பாதையின் நீளம் சுமார் 2,500 கி.மீ. ஏழு நாளில் முடிக்க வேண்டுமென்றால் தினமும் 350 கி.மீ.க்கு மேல், அதுவும் மேலே சொன்ன மாதிரிச் சாலைகளில் ஓட்ட வேண்டும். அது பயணமாக இருக்காது. என் பரிந்துரை, கிளேர், கெர்ரி என்ற இரண்டு மாவட்டங்கள் மட்டும். மூன்று இரவு கிளேரில், மூன்று இரவு கெர்ரியில், கடைசி இரவு டப்ளின் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். தினமும் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதைப் போலக் குடும்பத்தைக் களைப்பாக்குவது வேறு எதுவும் இல்லை.

கிளேரில் 214 மீட்டர் உயரம் வரை எழும் மோஹர் செங்குத்துப் பாறைகளும், சுண்ணாம்புப் பாறை வெளியான பர்ரனும் ஒன்றுக்கொன்று பக்கம். அங்கிருந்து கெர்ரிக்கு ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தைச் சுற்றிப் போக வேண்டாம். கில்லிமரில் காரோடு படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் டார்பர்ட், 137 கி.மீ. சாலை மிச்சம், பிள்ளைகளுக்கும் அது ஒரு விளையாட்டு.

கெர்ரியில் எல்லோரும் ‘ரிங் ஆஃப் கெர்ரி’ என்பார்கள். 179 கி.மீ. வளையம், அதில் ஒரே திசையில் வரிசையாகச் சுற்றுலாப் பேருந்துகள். குழந்தைகள் இருந்தால் அதை விட்டுவிட்டு டிங்கிள் தீபகற்பத்தின் ஸ்லே ஹெட் சாலையைத் தேர்ந்தெடுப்பேன். சிறிய வளையம், நினைத்த இடத்தில் இறங்கி நடக்கலாம். இரண்டு விஷயங்கள்: அங்கே கானர் கணவாயில் 2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தடை, ஏழு பேர் உட்காரும் கார் எடுப்பவர்கள் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஐரிஷ் பேசும் பகுதி என்பதால் வழிப்பலகைகளும் ஐரிஷில்தான். டிங்கிளின் ஐரிஷ் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கில் சில பகுதிகளில் ஆண்டுக்கு சுமார் 225 நாள் மழை. எனவே தங்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு நாளை எதுவும் எழுதாமல் விடுங்கள். வானம் வெளுத்த நாளில் பாறைகளைப் பார்க்கப் போகலாம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஐந்துக்குள் இருட்டிவிடும். போகும் மாதமே திட்டத்தில் பாதி.

விசாவில் பலர் குழம்புகிறார்கள். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை; தனி விசா வேண்டும். வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதற்காக அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இரு நாட்டுக்கும் பொருந்தும் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் உண்டு. ஆனாலும் ஒரு வாரத்தில் வடக்கை விட்டுவிடுவதே நல்லது.

இடதுபக்க ஓட்டம் நமக்குப் பழக்கமானது. ஆனால் இரவு முழுக்க விமானத்தில் வந்த அன்றே நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். முதல் இரவை டப்ளினிலேயே கழித்தால், கிளேரில் ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை. வாடகைக் காரில் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே கேட்க வேண்டும். 150 செ.மீ. உயரமோ 36 கிலோ எடையோ எட்டாத பிள்ளைக்கு அதற்குரிய இருக்கை சட்டப்படி கட்டாயம். டப்ளினைச் சுற்றும் எம்50-இல் சுங்கச்சாவடி கிடையாது. ஆனால் கட்டணம் உண்டு; மறுநாள் இரவு எட்டுக்குள் கட்ட வேண்டும். அதை யார் கட்டுவது என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஊர்ப்புறத்தில் பப்தான் துணை. சூப்பும் பழுப்பு ரொட்டியும் அநேகமாக எங்கும் கிடைக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, மே முதல் செப்டம்பர் வரை பத்துக்குப் பிறகு, பிள்ளைகள் உள்ளே இருக்கக் கூடாது. கிளேரிலுள்ள டூலின் போன்ற ஊர்களில் பாட்டும் பிடிலும் அந்த நேரத்துக்குத்தான் சூடு பிடிக்கும். அதனால் அறையை பப்புக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள்; ஒருவர் பிள்ளைகளோடு திரும்பினால் மற்றவர் உட்கார்ந்து கேட்கலாம், மறுநாள் முறை மாற்றிக்கொள்ளலாம்.