பெண் பிள்ளைகளும் விளையாட்டும்

நமது பள்ளிக்கூடங்களில் விளையாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட மணி பெரும்பாலும் காகிதத்தளவில்தான் இருந்து வருகின்றது. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் முதலில் கை வைப்பது அந்த மணியின் மீதுதான். பெற்றோர்களும் "விளையாடினால் சோறு வருமா?" என்று கேட்டு, அவருக்கு ஒத்துப் பாடுகின்றார்கள்.

இதன் பலன் என்ன? 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினம் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனத்தார் சொல்லுகின்றார்கள். 146 நாடுகளின் 2016-ம் வருஷத்துக் கணக்கைக் கொண்டு அவர்கள் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, 11 முதல் 17 வயதுள்ள மாணவர்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்களில் 78 பேர். பெண்களிலோ 85 பேர்.

இந்த வித்தியாசம் இயற்கை கொடுத்ததா? நம் வீட்டைப் பார்த்தாலே தெரியும். பத்து வயது வரை அண்ணனோடு ஓடிய பெண், வயதுக்கு வந்தவுடன் "பெண்ணுக்கென்ன ஓட்டம்?" என்று அடக்கப்படுகின்றாள். அவன் பந்தோடு மைதானத்துக்கும், அவள் குடத்தோடு அடுப்பங்கரைக்கும் போகின்றார்கள். பிறகு, பெண் பலவீனமானவள், அது கடவுள் சிருஷ்டி என்கின்றோம். காலைக் கட்டிப் போட்டுவிட்டு நொண்டி என்று பரிகசிப்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடியவர்களில் ஒருவர் கண்ணகி நகரத்துப் பெண். சென்னைக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளைக் குடியேற்றிய இடம் அது. இடமும் பழக்கமும் கிடைத்தால் யாருக்கும் திறமை வரும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆனால் எல்லோரும் தங்கம் வாங்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்து மெடல் வாங்கிப் போட்டோ பிடித்துக் கொள்ளுவது மாத்திரம் விளையாட்டு வளர்ச்சியாகாது. கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைக்கும் தினம் ஒரு மணி நேரம் கிடைக்க வேண்டும். விளையாட்டு மணியை எந்த வாத்தியாரும் எடுக்கக் கூடாது. பெண்கள் விளையாடும் இடத்தில் கக்கூசும், துணி மாற்ற மறைவான அறையும், பழக்கிக் கொடுக்கப் பெண் ஆசிரியரும் இருக்க வேண்டும். இவற்றைப் பள்ளியிலும் பஞ்சாயத்திலும் கேட்டு வாங்க வேண்டியது பெற்றோர்கள் கடமையாகும்.

கடைசியாக ஒன்று. மேடையில் பெண் விடுதலை பேசும் தோழர்களே! இன்று மாலை உங்கள் மகன் மைதானத்தில் இருக்கும்போது உங்கள் மகள் எங்கே இருக்கின்றாள்?