உறைக்குள் ஒரு கண்ணாடி

டி.வி. ரிமோட்டைப் பாலிதீன் பைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றும் தேசம் இது. இங்கே போய் செல்போனுக்கு உறை தேவையா என்று விவாதிப்பதே வேடிக்கைதான். ஆனாலும் விவாதம் ஓயவில்லை. மெலிதான, பளபளக்கும் போனுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு அதை ரப்பருக்குள் ஒளித்து வைப்பானேன் என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் கேட்க வேண்டியது தயாரிப்பாளர்களிடம். வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்ற உலோக முதுகு ஒத்துவராது. எனவே விலை கூடிய போன்கள் பலவற்றில் பின்பக்கமும் கண்ணாடி. விழுந்தால் உடைய இப்போது இரண்டு பக்கம்! 2010ல் ஐபோன் 4ஐ ஒருவிதமாகப் பிடித்தால் சிக்னல் குறைகிறது என்று புகார் கிளம்பியபோது ஆப்பிள் தந்த நிவாரணம் என்ன தெரியுமா? இலவச உறை.

ஆகவே, போடுங்கள். விளிம்பு திரையைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். மூலைகள் தடிமனாக இருக்கட்டும். மூலையில் விழும் அடிதான் கண்ணாடிக்கு எமன்.

போட்டதோடு மறந்துவிடக் கூடாது. இடுக்கில் புகும் மணல் கண்ணாடியையே கீறும். அவ்வப்போது கழற்றித் துடையுங்கள். சார்ஜ் ஏறும்போது போன் சூடானால் உறையை நீக்கிவிடுங்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. மே மாத நாக்பூரில் இது சாதாரண விஷயமல்ல.

ஒளி ஊடுருவும் உறை நாளடைவில் மஞ்சளாகும். அது அழுக்கல்ல, பிளாஸ்டிக்கின் முதுமை. தேய்த்துப் பயனில்லை.