மாதக் கணக்கை மூடிப் பார்க்காத இணைப்பு

பினாங்கின் கெலுகோரிலும் பாயான் லெப்பாஸிலும் சிறுதொழில் நடத்துபவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. கணக்கு மென்பொருளைப் பெரிய வாடிக்கையாளரின் கணினியோடும், உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் என்ற இ-இன்வாய்ஸ் தளத்தோடும் இணைப்பது ஒரு வார வேலையாம். கைதேர்ந்த ஆள் கிடைத்தால் இரண்டே நாளாம். விற்பவர் அப்படிச் சொல்கிறார், முதலாளி அதை நம்புகிறார். பிறகு மாதக்கணக்காக இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து இன்வாய்ஸ்களை ஒவ்வொன்றாகத் திருத்துவது கணக்குப் பிரிவில் இருக்கும் பெண். இந்த நம்பிக்கையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்.

கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேரச் சில நாள் போதும். அதில் எனக்குச் சண்டையில்லை. வாரியத்தின் சோதனைத் தளத்தில் முதல் இன்வாய்ஸ் ஏற்கப்பட்டதும் எல்லாரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள், மீதித் தொகையும் கைமாறிவிடுகிறது. உண்மையான வேலைக்கு அப்போது இன்னும் யாரும் கைவைத்திருக்கவில்லை.

வாடிக்கையாளர் கார்ட்டன் கணக்கில் ஆர்டர் அனுப்புகிறார். நம் ஸ்டாக் பீஸ் கணக்கில் இருக்கிறது. ஒரு கார்ட்டனுக்கு 24 பீஸ் என்பது கிடங்கில் நிற்பவருக்குத் தெரியும். மென்பொருளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். ஒரே பொருளுக்கு அவர்கள் வைத்திருக்கும் எண் வேறு, நாம் வைத்திருக்கும் எண் வேறு. இதை ஐந்நூறு, ஆயிரம் பொருள்களுக்கு உட்கார்ந்து பொருத்த வேண்டும். எந்த எண் செத்துப்போனது, எது இரண்டு முறை பதிவாகியிருக்கிறது என்று பத்து வருடமாக அந்த அலுவலகத்தில் இருப்பவரால்தான் சொல்ல முடியும். வெளியிலிருந்து வரும் நிரலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைச் செய்ய முடியாது.

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தலா 33.30 ரிங்கிட்டில் மூன்று உருப்படிகள் உள்ள பில், சேவை வரி 8 விழுக்காடு. உருப்படிவாரியாக வரியைக் கணக்கிட்டுச் சென்னுக்கு முழுமையாக்கினால் 2.66 வீதம் 7.98 வருகிறது. மொத்தம் 99.90க்குக் கணக்கிட்டால் 7.99. ஒரு சென் வித்தியாசம். நம் மென்பொருள் ஒரு முறையையும் வாடிக்கையாளரின் கணினி இன்னொரு முறையையும் பின்பற்றினால், அந்த ஒரு சென்னுக்காகவே பில் நிறுத்தி வைக்கப்படலாம், பணமும் வராமல் கிடக்கலாம். சோதனைக்கு அனுப்பும் ஒரே உருப்படி உள்ள இன்வாய்ஸில் இது ஒருநாளும் தலைகாட்டாது.

இதைவிடப் பெரிய ஓட்டை திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. மைஇன்வாய்ஸில் ஏற்கப்பட்ட இன்வாய்ஸை விற்பவர் ரத்துசெய்யவும், வாங்குபவர் நிராகரிக்கக் கேட்கவும் 72 மணி நேரம் உண்டு. அதன்பின் கிரெடிட் நோட்டோ டெபிட் நோட்டோதான் வழி. அவசரத்தில் போட்ட இணைப்புகள் அனுப்புவதை மட்டும் செய்கின்றன. அங்கே என்ன நடந்தது என்று கேட்டுக் கொண்டுவருவதில்லை. அங்கே ரத்தான பில் இங்கே விற்பனையாக நிற்கும். வெள்ளி மாலை வந்த நிராகரிப்பைத் திங்களன்று கவனிக்கும்போது கெடு கிட்டத்தட்ட முடிந்திருக்கும். இ-இன்வாய்ஸ் விதியை மீறினால் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த நாளில் மென்பொருள் விற்றவர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

தரம் வந்துவிட்டதே, இனி என்ன சிக்கல் என்று கேட்பவர்கள் உண்டு. மைஇன்வாய்ஸ் கேட்கும் 55 தரவுப் புலங்களும் பட்டியலாகவே இருக்கின்றன, எக்ஸ்எம்எல், ஜேசன் வடிவங்களும் தெளிவாக உள்ளன. இந்த வாதம் பழையது. வணிக ஆவணங்களைக் கணினிக்குக் கணினி அனுப்புவதற்கான எடிஃபாக்ட் 1987இலேயே உலகத் தரமானது. மின்னணுத் தொழிலுக்கென்று 1998இல் ரொசெட்டாநெட் வந்தது. 1972 முதல் பினாங்கில் இருக்கும் இன்டெல் அதைத் தொடங்கியவர்களில் ஒன்று. ஆர்டரில் எந்தப் புலம் எங்கே வரவேண்டும் என்பதைத் தரம் முடிவு செய்தது. அந்தப் புலத்துக்குள் நாம் எழுதியிருப்பது சரியா என்று எந்தத் தரமும் பார்க்காது.

வரி வாரியமே ஒரு வாரத்தை நம்பவில்லை. 2024 ஆகஸ்ட் 1இல் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களோடு தொடங்கி, 2025 ஜனவரி, ஜூலை என்று கட்டம் கட்டமாக மற்றவர்களைச் சேர்த்தது. அந்தக் கட்டங்களில் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் தளர்வும் கொடுத்தது. அட்டவணையை இடையில் பலமுறை திருத்தவும் செய்தது. தனிக் கணினிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கே ஆறு மாதத் தளர்வு தேவைப்பட்டது. நாலு பேர் வேலைசெய்யும் கடைக்கு ஏழு நாள் போதும் என்று எந்த நியாயத்தில் சொல்கிறார்கள்?

அவசரத்தின் விலையை அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999இல் கொடுத்தது. அது இதைவிட மிகப் பெரிய வேலை, நிறுவனம் முழுவதற்குமான ஈஆர்பி மென்பொருள். 48 மாதம் வேண்டும் என்று சொல்லப்பட்டதை 30 மாதமாகச் சுருக்கி, ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் ஜூலையில் மாற்றினார்கள். கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை.

அப்படியானால் எவ்வளவு காலம்? ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரும் ஒழுங்கான கணக்கும் உள்ள சிறு நிறுவனத்துக்கு மூன்று மாதம் என்பது என் கணிப்பு. முதல் மாதம் பொருள் எண்கள், அளவுகள், வாடிக்கையாளரின் வரி எண்கள் எல்லாவற்றையும் துப்புரவாக்க வேண்டும். அடுத்த மாதம் உண்மையான பழைய பில்களை, அதிலும் தகராறு வந்த பில்களைப் பொறுக்கியெடுத்து, சோதனைத் தளத்தில் ஓட்ட வேண்டும். மூன்றாவது மாதம் பழைய முறையும் புதிய முறையும் அருகருகே நடக்க வேண்டும். இதில் எதைக் குறைத்தாலும் கடைசியைக் குறைக்கக் கூடாது. பாதிச் சரக்கு, திரும்பி வந்த சரக்கு, விலை மாறிய ஆர்டர், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் போகவேண்டிய ஒருங்கிணைந்த இன்வாய்ஸ் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்து வருவது மாத முடிவில்தான். ஒரு வருடம் வேண்டும் என்று நீட்டி முழக்கும் ஆலோசகர்களையும் நான் ஏற்கவில்லை. இந்த அளவு நிறுவனத்துக்கு அது பணம் பறிக்கும் பேச்சு.

நாலு வாரத்தில் இணையாவிட்டால் ஆர்டர் இல்லை என்று பெரிய நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு மிரட்டுவதும் நடக்கிறது. அதற்கு அடிபணிவதைவிட, இணைப்பை நாலு வாரத்தில் தருகிறோம், எட்டு வாரம் பேப்பர் இன்வாய்ஸும் கூடவே வரும் என்று எழுத்தில் கேட்பது மேல். மென்பொருள்காரரிடமும் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிட வேண்டும்: மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, முதல் மாதக் கணக்கு மூடி, இரண்டு பக்கத்து எண்ணும் ஒத்துப்போன பிறகுதான்.