“நாளைக்குப் படிக்கலாம்!”
கல்லூரி மாணவர்களை வாட்டும் பழக்கம்

பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

புத்தகம் மேஜை மீது இருக்கிறது. மாணவன் அதைப் பார்க்கிறான். “சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம்” என்கிறான். சாப்பிட்டதும் செல்போனை எடுக்கிறான். மணி பதினொன்று ஆகிறது. “விடியற்காலையில் எழுந்து படிக்கலாம்” என்று படுக்கிறான். தூக்கம் வரவில்லை. நெஞ்சு படபடக்கிறது.

கல்லூரிப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இது தெரிந்த காட்சிதான்.

“சோம்பேறி!” என்று அப்பா திட்டுகிறார்.

உண்மையில் அவன் சோம்பேறிதானா?

“இல்லை” என்கிறார்கள் மனோதத்துவ நிபுணர்கள்.

பயந்து ஓடும் மனம்

சோம்பேறிக்குத் தூக்கம் கெடாது. செய்யாத வேலையை நினைத்து அவன் கவலைப்படமாட்டான்.

தள்ளிப்போடுகிறவன் அப்படி அல்ல. அவனுக்குப் படிக்கவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் பயம் வருகிறது. “புரியாதோ? தோற்றுப்போவோமோ?” என்று மனம் கலங்குகிறது. அந்தக் கலக்கத்தில் இருந்து தப்பிக்கவே வேறு வேலையில் புகுந்துகொள்கிறான்.

கனடா நாட்டுப் பேராசிரியர் டிமோதி பிச்சில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் சொல்வது இதுதான்: தள்ளிப்போடுவது நேரத்தைச் சரியாகப் பங்கிடத் தெரியாததால் மட்டும் வருவது அல்ல. மனக்கலக்கத்தைச் சமாளிக்கத் தெரியாததால் வருவது.

இந்தப் பழக்கம் யாரோ சிலருக்கு மட்டும் உள்ளதும் அல்ல. பியர்ஸ் ஸ்டீல் என்ற ஆராய்ச்சியாளர் 2007-ம் ஆண்டில், பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டார். கல்லூரி மாணவர்களில் 100-க்கு 80 முதல் 95 பேர் வரை ஏதோ ஓர் அளவில் வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள் என்று அதில் குறிப்பிட்டார்.

வட்டிக்கு வாங்கிய நிம்மதி

தள்ளிப்போட்டால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும். அது கடனாக வாங்கிய நிம்மதி. வட்டி பிறகு வரும்.

அமெரிக்காவைச் சேர்ந்த டயான் டைஸ், ராய் பாமிஸ்டர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1997-ம் ஆண்டில் இதைக் காட்டினார்கள். ஒரு பருவம் முழுவதும் கல்லூரி மாணவர்களைக் கவனித்தார்கள்.

பருவத்தின் தொடக்கத்தில் தள்ளிப்போடுகிறவர்களே கவலை இல்லாமல் இருந்தார்கள். தினமும் படித்தவர்களைவிட அவர்களுக்கு உடல் நோவும் குறைவு!

பருவத்தின் முடிவில் எல்லாம் தலைகீழ் ஆயிற்று. அவர்களுக்கே மன அழுத்தம் அதிகம். நோயும் அதிகம். மதிப்பெண் குறைவு. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது, முன்னே பெற்ற நிம்மதியைவிடப் பின்னே பட்ட துன்பமே பெரிதாக இருந்தது.

“அரியர்” என்ற மூட்டை

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்தக் கடனின் பெயர் நன்றாகத் தெரியும். அதுதான் “அரியர்”.

ஒரு பருவத்தில் தோற்ற பாடம் அடுத்த பருவத்தின் தலையில் ஏறும். புதுப் பாடத்தோடு பழைய பாடமும் சேரும். மூட்டை கனக்கக் கனக்க, அதைப் பிரிக்கவே கை நடுங்கும். பயம் தள்ளிப்போட வைக்கும். தள்ளிப்போட்டது பயத்தை வளர்க்கும்.

இந்த மூட்டை எவ்வளவு பெரியது என்பதை 2020-ம் ஆண்டு காட்டியது. அது கொரோனா காலம். கல்லூரிகள் மூடிக் கிடந்தன. பரீட்சைக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்குத் தேர்வு இல்லாமலே தேர்ச்சி என்று அந்த ஆகஸ்டு மாதம் தமிழக அரசு அறிவித்தது. இறுதிப் பருவப் பாடங்களுக்கு மட்டும் விலக்கு இல்லை.

மாணவர்கள் மகிழ்ச்சியில் குதித்தார்கள். நன்றி சொல்லிச் சுவரொட்டிகளும் ஒட்டினார்கள்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தொழில்நுட்பக் கல்விக் குழு இதை எதிர்த்தது. ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. தேர்வு எழுதாமல் தேர்ச்சி என்பதை ஏற்கமுடியாது என்று 2021-ம் ஆண்டில் கோர்ட்டு சொல்லிவிட்டது.

அந்த மாணவர்களைக் கேலி செய்வது எளிது. பரீட்சை போயிற்று என்றதும் அத்தனை பேர் ஏன் குதித்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்கள் நெஞ்சில் இருந்த பாரம் அவ்வளவு!

திருப்பருத்திக்குன்றத்தில்

இந்தப் பாரம் ஏறாமல் படிக்க வழி இல்லையா? காஞ்சிபுரத்துப் பக்கம் போனால் இரண்டு பாடங்கள் கிடைக்கும்.

ஊருக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. “ஜின காஞ்சி” என்று பெயர் பெற்ற ஊர். இங்கே சமணக் கோவில்கள் இருக்கின்றன. விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் 1387-88-ம் ஆண்டில் இங்கே சங்கீத மண்டபம் கட்டினார். தம்முடைய குரு புஷ்பசேனரின் சொற்படி அதைக் கட்டினார் என்று கல்வெட்டு சொல்கிறது.

குருவுக்கும் சீடனுக்கும் அவ்வளவு நெருக்கம் இருந்த காலம் அது. அந்த நாள் படிப்பில் சீடன் குருவின் எதிரே உட்கார்ந்து பாடத்தை ஒப்பிக்கவேண்டும். தடுமாறினால் குரு அப்போதே திருத்துவார்.

இன்றோ பரீட்சை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நடுவில் “என்ன படித்தாய்? எது புரியவில்லை?” என்று கேட்க ஆள் இல்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவன் பின்தங்குவது யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே, குற்றம் முழுவதும் மாணவன் மேல் அல்ல.

தறி சொல்லும் பாடம்

இன்னொரு பாடம் காஞ்சிபுரத்துத் தறியில் இருக்கிறது.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். நெய்யும்போதே இரண்டையும் கோர்க்கவேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்காரவேண்டும். வேலைப்பாடு மிகுந்த புடவை முடிய இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும்.

“கடைசி நாளில் மொத்தமாக நெய்துகொள்ளலாம்” என்று எந்த நெசவாளியும் இருக்கமாட்டார். எவ்வளவு வேகமாக நாடாவை ஓட்டினாலும் பதினைந்து நாள் வேலை ஒரே இரவில் முடியாது. அவசரப்பட்டால் இழை அறும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறும். வேலை தடைப்படும். அதனால் நெசவாளி மழைக்கு முன்பே கணக்குப் போட்டு நெய்வார். கல்லூரிப் பரீட்சையும் அதே நவம்பர் மாதத்தில்தான் வருகிறது!

முழுப் புடவையை நினைத்து நெசவாளி மலைப்பது இல்லை. இன்றைக்கு இத்தனை முழம் என்றுதான் தறியில் உட்காருகிறார். படிப்புக்கும் அதே கணக்குதான்.

தொடங்குவது எப்படி?

ஒன்று: “படிக்கவேண்டும்” என்று எண்ணினால் மட்டும் போதாது. எந்த நேரம், எந்த இடம், எந்தப் பக்கம் என்று எழுதி வைக்கவேண்டும். ஜெர்மனியில் மாணவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதும் வேலை கொடுத்துச் சோதித்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில், இரண்டு நாளுக்குள் எழுதவேண்டும். “இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் எழுதுவேன்” என்று முன்கூட்டியே குறித்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் முடித்துவிட்டார்கள். குறிக்காதவர்களில் முடித்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே. 1997-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இது.

இரண்டு: சிறிதாகத் தொடங்கவேண்டும். 1980-களின் இறுதியில் இத்தாலி நாட்டில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தார். சமையல் அறையில் தக்காளி வடிவத்தில் ஒரு மணிக்கடிகாரம் இருந்தது. “மணி அடிக்கும் வரை சில நிமிடமாவது படித்துப் பார்ப்போம்” என்று அதைத் திருப்பி வைத்தார். அதுவே பின்னர், 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையாக வளர்ந்து உலகம் எங்கும் பரவியது. அந்த 25 நிமிடமும் செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

மூன்று: துணை வேண்டும். கோர்வைக்கு இருவர் தேவைப்படுவது போல, படிப்புக்கும் ஒரு தோழன் அல்லது தோழி இருந்தால் நல்லது. புரியாததை அன்றைக்கே கேட்டுத் தெளியலாம்.

நான்கு: தூக்கத்தைக் குறைக்கக்கூடாது. இரவு முழுவதும் கண் விழித்துப் படித்தது மனதில் நிலைக்காது. பாடத்தைப் பல நாளாகப் பிரித்துப் படித்தால்தான் நிற்கும். 1885-ம் ஆண்டிலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்து இதைக் கண்டார்.

ஐந்து: போனதை நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்ளக்கூடாது. கனடாவில் முதல் ஆண்டு மாணவர்களிடம் நடத்திய ஆராய்ச்சி 2010-ம் ஆண்டில் வெளியாயிற்று. முதல் பரீட்சைக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள்!

வீட்டின் பங்கு

இங்கே தாய் தந்தையருக்கும் வேலை இருக்கிறது.

பல வீடுகளில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். அப்பா தறியில் கால் மிதித்துச் சேர்த்த பணம், அம்மா அடகு வைத்த நகை எல்லாம் அவன் கண் முன் நிற்கும். “உனக்காக எவ்வளவு செலவு செய்தோம்!” என்று சொல்லிக்காட்டினால், படிப்பு வராது, பயம்தான் வளரும்.

“பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்!” என்பதும் அப்படித்தான்.

“எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்கலாம். படிப்பு தெரியாத தாயும் இந்தக் கேள்வியைக் கேட்கமுடியும்.

கோர்ட்டு காட்டிய வழி

சில பிள்ளைகளுக்குப் பாரம் அளவு மீறிவிடுகிறது. இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவ மாணவிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஒவ்வொரு சாவுக்கும் காரணம் பல இருக்கும். ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் “எல்லாம் சோம்பல்” என்று ஒதுக்கமுடியாது.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியத் தீர்ப்பு அளித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்களில், மனநலப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும். மதிப்பெண்ணைச் சொல்லிப் பலர் முன் அவமானப்படுத்தக்கூடாது. உதவிக்கான டெலிபோன் எண்கள் வகுப்பிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்களுக்காக “மனம்” என்ற திட்டத்தை அரசு 2022-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கியது. மன நல நல்லாதரவு மன்றம் என்பதன் சுருக்கம் அது.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணம் எவ்வளவு, பஸ் வசதி உண்டா என்று கேட்கிறோம். “இங்கே ஆலோசகர் இருக்கிறாரா?” என்றும் கேட்டால், இல்லாத இடத்திலும் வருவார்.

14416

பல நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, வாழ்வே வெறுத்துவிட்டது என்று பிள்ளை சொன்னால் அலட்சியம் செய்யவேண்டாம். திட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது வெட்கம் அல்லவே? மனம் சோர்ந்தால் உதவி கேட்பதும் வெட்கம் அல்ல.

தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதலாம். அதற்கு இன்னொரு பருவம் வரும். இன்று இரவு ஒரு பக்கம் படித்தால், மூட்டையில் ஒரு பக்கம் குறையும்.