பத்து வருஷ கேப்

இன்டர்வியூல பயோடேட்டாவைப் புரட்டிட்டு, ‘நடுவுல ரெண்டு வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணீங்க?’னு கேட்பாங்க பாருங்க... நாக்கு ஒட்டிக்கும். (அரியர் எழுதினேன்னு சொல்லவா முடியும்?) ஜினோ பார்த்தலி பயோடேட்டாவுல இருக்கிற கேப் பத்து வருஷம்!

1914-ல் ஃப்ளோரன்ஸ் பக்கத்துல பிறந்த இத்தாலி சைக்கிள் வீரர். 1936, 1937-ல ஜீரோ டி இத்தாலியா, 1938-ல டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார். அப்போ வயசு 24. அடுத்த வருஷம் உலகப் போர். 1946 வரைக்கும் டூர் நடக்கலை. கால்ல வலு உச்சத்துல இருக்கிற வயசு அப்படியே போச்சு.

ஆனா, மனுஷன் மிதிக்கிறதை விடலை. 1943-ல ஜெர்மன் படை இத்தாலியைப் பிடிச்சு, யூதர்களை வேட்டையாட ஆரம்பிச்சது. ஒளிஞ்சிருந்தவங்களுக்குப் பொய் அடையாள அட்டை வேணும். போட்டோ, பேப்பரை எல்லாம் சுருட்டி சைக்கிள் ஃப்ரேம் குழாய்க்குள்ள சொருகிக்கிட்டு, ஃப்ளோரன்ஸுக்கும் அசிசிக்கும் நடுவுல போய் வந்தார் பார்த்தலி. விழுப்புரம் டு பாண்டி 40 கிலோமீட்டர் சொச்சம். அதுக்கே நாம வளவனூர்ல இறங்கி டீ குடிப்போம். இது ஏறக்குறைய நாலு மடங்கு தூரம், மேடும் பள்ளமுமான ரோடு. வழியில நிறுத்தினா, ‘சைக்கிளைத் தொடாதீங்க, ரேஸுக்கு அளந்து செட் பண்ணியிருக்கு’ம்பாராம். சாம்பியன் ஆச்சே, விட்டுடுவாங்க. மாட்டியிருந்தா உயிர் போயிருக்கும்.

1948. வயசு 34-ஐத் தொடப் போகுது. மறுபடியும் டூர். முதலிடத்துல இருந்த லூயிசோன் போபேவை விட 20 நிமிஷத்துக்கு மேல பின்தங்கிட்டார். ஜூலை 14 அன்னிக்குப் பார்த்து, ரோம்ல கம்யூனிஸ்ட் தலைவர் தோலியாட்டியைச் சுட்டுட்டாங்க, நாடே கொதிச்சது. அடுத்த மூணு ஸ்டேஜும் ஆல்ப்ஸ் ஏத்தத்துல பார்த்தலிதான் ஃபர்ஸ்ட். டூரும் அவருக்கே! அதனாலதான் உள்நாட்டுச் சண்டையே வராம போச்சுனு இத்தாலிக்காரங்க சொல்வாங்க. எனக்கு அது கொஞ்சம் ஓவராத் தெரியுது. ஆனா, ரெண்டு டூர் வெற்றிக்கு நடுவுல பத்து வருஷ இடைவெளி வேற யாருக்கும் கிடையாது.

கேப்ல என்ன பண்ணினார்னு அவர் ஊருக்குச் சொல்லவே இல்லை. மகன்கிட்ட கொஞ்சம் சொல்லிட்டு, வெளியே பேசாதேன்னுட்டார். 2000-ல இறந்தார். ஜெருசலேமில் இருக்கிற யாத் வஷேம் நினைவு மையம் 2013-லதான் அவரை கௌரவிச்சது. காப்பாத்தினது எத்தனை பேரைன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் சண்டை போடுறாங்க. கணக்கு சொல்ல வேண்டியவர் சொல்லாமலே போயிட்டாரே!