யோசிச்சுட்டு வாம்மா!

கருவைக் கலைக்க வேண்டும் என்று வரும் பெண்ணை, 'போய் யோசித்துவிட்டு வா' என்று திருப்பி அனுப்ப அமெரிக்காவின் பல மாநிலங்கள் சட்டமே போட்டன. 24 மணி நேரம், சில இடங்களில் 72 மணி நேரம். நம் 1971 சட்டத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. சட்டத்தில் இல்லாவிட்டால் என்ன, வாயில் இருக்கிறதே!

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து போடணும்."

எதற்கு? 18 வயது நிறைந்த, மனநலம் பாதிக்கப்படாத பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்கிறது சட்டம். குடும்பத்தின் ஒப்புதல் போன்ற இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கேட்டால்தானே!

உள்ளூரில் தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று பயந்து, வால்பாறையில் கொழுந்து பறிக்கும் பெண் 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சிக்கு வந்தால், ஒரு நாள் கூலி போச்சு. 'மறுபடி வா' என்றால் இன்னொரு நாள். மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் யாரைக் கூட்டி வருவாள்? மாத்திரைக்கு விதி தரும் அவகாசம் 9 வாரம்தான். அதில் பாதி, நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள்ளேயே ஓடிவிடும். மீதியை நாம் தின்கிறோம்.

2020 கொரோனாவில் போனிலேயே வைத்தியம் பார்க்க மத்திய அரசு வழிகாட்டுதல் தந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் டாக்டர் போனில் விசாரித்து, கருக்கலைப்பு மாத்திரையை வீட்டுக்கே அனுப்பும் முறை வந்தது, 2022-ல் நிரந்தரமானது. கட்டாயக் காத்திருப்பு வேண்டாம், போன் ஆலோசனையும் ஒரு வழி என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. நம் அரசும் இதைத் தெளிவாக அனுமதிக்கட்டும். வலி, ரத்தப்போக்கு, நாள் கணக்கு எல்லாம் டாக்டர் கேட்கட்டும். சந்தேகம் இருந்தால் நேரில் வரச் சொல்லட்டும். டாக்டரே இல்லாமல் திருட்டுத்தனமாக மாத்திரை வாங்குவதுதானே ஆபத்து?

"பெண் சிசுவைக் கலைச்சுருவாங்களே!" என்பீர்கள். நம் மேற்கு மாவட்டங்களுக்கு அந்தக் கறை உண்டு; கோபம் நியாயம். ஆனால் 9 வாரத்தில் ஆணா, பெண்ணா என்று ஸ்கேன் சொல்லாது. அதற்குப் பிறகு சொல்லும் ஸ்கேன் சென்டரைப் பிடிக்க 1994 சட்டம் இருக்கிறது. அங்கே போகாமல் இவளை ஏன் மறிக்கிறீர்கள்?

நாள் தள்ளிய அன்றிலிருந்து தூங்காமல் யோசித்துவிட்டுத்தான் அவள் வந்திருக்கிறாள். அடுத்த முறை யாராவது கையெழுத்துக்கு ஆள் கூட்டி வரச் சொன்னால், துணைக்குப் போகும் நீங்களாவது கேளுங்கள்: "இது எந்தச் சட்டத்துல இருக்குதுங்க?"